ஜன்னலைத் திறக்கச் சொன்ன சம்பந்தியம்மா

சில வருடங்களுக்கு முன், ஒரு தை மாதத்து வெள்ளிக்கிழமை காலையில், கண்டி நகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த சம்பவம் இது. கல்யாணம் வேறு யாருக்கும் இல்லை, எனக்குத்தான். கல்யாணப் பெண்ணுக்குத் தன் கல்யாணத்தில் நடந்தது எதுவும் சரியாக ஞாபகம் இருக்காது என்பார்கள். எனக்கோ ஒவ்வொரு மூச்சும் ஞாபகம் இருக்கிறது. பேச்சுக்காகச் சொல்லவில்லை. அன்று நான் செய்துகொண்டிருந்த ஒரே வேலை மூச்சு விடுவதுதான்.

நான் பிறந்து வளர்ந்தது அம்பிட்டியவில். எங்கள் வீடு பாதையை விட்டுப் படியிறங்கிப் போகிற மேட்டு வீடு. சின்ன வயதில் மார்கழி, தை மாதக் காலைகளில் வாசலில் நின்று பார்த்தால் கண்டி டவுன் இருக்காது. பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளை வெளேரென்று மூடுபனி மட்டும்தான். நாங்கள் பிள்ளைகள் வாயைக் குவித்து ஊதி, யாருக்குப் பெரிய புகை வருகிறது என்று போட்டி போடுவோம். பள்ளிக்கூடத்துக்கு இறங்கி நடக்கும்போது முன்னால் போகிறவரின் பேச்சுச் சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. வெயில் ஏறியதும் முதலில் எதிர்மலையில் புத்தர் சிலையின் தலை தெரியும், பிறகு குளம், பிறகு பஸ்கள், பிறகு எங்களுக்கு நேரமாகிவிட்டது என்பதும் தெரியும். ஈர மண்ணும் தேயிலைக் கொழுந்தும் கலந்த மாதிரி அந்தக் குளிருக்கு ஒரு வாசம் இருந்தது. இதை எழுதும்போதும் மூக்கில் வருகிறது.

எந்த வருடத்தில் மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. அந்த வெள்ளை மெதுவாகச் சாம்பல் நிறமாகிவிட்டது. கண்டி ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிற ஊர், சுற்றிலும் மலை. வண்டிப் புகை, குப்பை எரிக்கிற புகை எல்லாம் குளிர்காலத்துக் காலையில் மேலே போக வழியில்லாமல் அடியிலேயே கிடக்கும். போதாததற்குக் கடல் தாண்டியும் தூசு வருகிறது என்று செய்தியில் சொல்ல ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் "இன்னைக்குப் பனி நல்லா எறங்கியிருக்கு" என்று ரசித்த அப்பா, அதே காட்சியைப் பார்த்து "இன்னைக்குக் காத்து சரியில்லையாம்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

எனக்குப் பத்து வயதிலிருந்தே இழுப்பு உண்டு. எங்கள் வீட்டில் 'வீசிங்' என்போம். அந்தப் பெயரில் சொன்னால் ஏதோ சின்ன விஷயம் போலத் தோன்றும் அல்லவா, அதற்காகத்தான். நீல நிற இன்ஹேலர் ஒன்று எப்போதும் கையோடு இருக்கும். அம்மா அதை 'பம்ப்' என்பார். அதைக் கையில் வைத்துக்கொண்டே படித்தேன், பரீட்சை எழுதினேன், ஒரு அலுவலகத்தில் கிளார்க் வேலைக்கும் சேர்ந்தேன். அதனால் என் வாழ்க்கையில் எதுவும் நின்றதில்லை, ஒரு சம்பந்தத்தைத் தவிர. எனக்கு முதன்முதலாக வந்த அந்த வரனிடம் அப்பா நேர்மையாக, "பிள்ளைக்கு லேசா வீசிங் இருக்கு" என்று சொன்னார். நல்லதுங்க, யோசிச்சுச் சொல்றோம் என்று போனவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதோடு அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து அடுத்த சம்பந்தம் வந்தபோது, அவர்கள் படியிறங்கி வருவதற்கு முன்பே என்னைச் சமையலறையில் நிறுத்திச் சொன்னார்.

"வீசிங்னு ஒரு வார்த்தை இந்த வீட்டுல யார் வாயிலேருந்தும் வரக்கூடாது. தாலி ஏறட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

மாப்பிள்ளையின் அம்மா அன்று அதிகம் பேசவில்லை. மெலிந்த, அமைதியான மனுஷி. நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கொஞ்சம் கீழே, கழுத்துப் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டிருந்த சங்கிலியைத்தான் மதிப்புப் போடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கோ அவரை ஒரே பிடித்தமாகப் போய்விட்டது. சீர்வரிசை பற்றி ஒரு கேள்வி இல்லை, பேச்சில் ஒரு குத்தல் இல்லை. "தங்கமான சம்பந்தி கெடைச்சிருக்காங்க" என்று சொந்தக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

நிச்சயத்துக்குப் பிறகு, என்னால் பொய்யோடு இருக்க முடியவில்லை. ஒரு நாள் போனில் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அதுக்கென்ன" என்றார். தன் அம்மாவிடம் தானே சொல்வதாகவும் சொன்னார். எங்கள் அம்மாவின் மானம் போய்விடும், தயவு செய்து சொல்லாதீர்கள் என்று நான்தான் கெஞ்சினேன். ஆக, மாப்பிள்ளைக்குத் தெரியும், அவர் அம்மாவுக்குத் தெரியாது, மாப்பிள்ளைக்குத் தெரியும் என்பது எங்கள் அம்மாவுக்குத் தெரியாது. இப்படி ஒரு நிலைமையில்தான் நான் மணவறை ஏறினேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்குக் கல்யாண மாதம் தை. முகூர்த்தம் என்றால் விடிந்தும் விடியாமலும் வைத்தால்தான் விசேஷம். கண்டியில் காற்று படுமோசமாக இருக்கிற மாதமும் அதுதான், நேரமும் அதுதான். பஞ்சாங்கம் எழுதிய புண்ணியவான் கண்டிக்கு வந்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

கல்யாணத்துக்கு முந்திய நாட்களில் புகைமூட்டம் வழக்கத்தைவிட மோசமாக இருந்தது. ஜன்னல்களை மூடி வையுங்கள், நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள் வெளியே போகாதீர்கள் என்றெல்லாம் வானொலியில் சொன்னார்கள். அப்பாவுக்கு அது ஒன்றே மனதில். எனக்காகவே முதல் நாள் மாலை மண்டபத்துக்குப் போய், ஒரு ஜன்னல்கூடத் திறக்கக் கூடாது என்று காவலாளியிடம் சொல்லி, தானும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு வந்தார். பாவம், வெளிப்புகையைத் தடுத்தவர் உள்ளே மூட்டப்போகிற புகையை மறந்துவிட்டார்.

காலையில் அலங்காரம் செய்வதற்கு முன்பே இன்ஹேலரை ஒரு முறை இழுத்துக்கொண்டேன். அம்மா உடனே அதைக் கைலேஞ்சித் துணியில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்து, பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பையை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. நகைப் பெட்டியைக்கூடச் சித்தியிடம் கொடுத்துவைத்திருந்தார்.

மணவறையில் உட்கார்ந்ததும் ஐயர் ஓமம் வளர்த்தார். குத்துவிளக்கு அணைந்துவிடும் என்று மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். குளிரில் விறகும் சமித்தும் ஈரம் பட்டுப் போயிருந்தன. தீ பிடிக்கவில்லை, புகைதான் பிடித்தது. நெய் ஊற்ற ஊற்ற அது திரண்டு திரண்டு, நான் உட்கார்ந்திருந்த வலப்பக்கமாகவே வந்தது. தாலி கட்டும்வரை பெண் மாப்பிள்ளைக்கு வலப்பக்கத்தில்தான் இருக்க வேண்டும், கட்டிய பிறகுதான் இடப்பக்கம் மாறி உட்கார வேண்டும். அந்தப் பக்கம் புகையே இல்லை. பிள்ளையாரே, சீக்கிரம் என்னை அந்தப் பக்கம் அனுப்பு என்று வேண்டிக்கொண்டேன். உலகத்தில் எந்தப் பெண்ணும் இந்தக் காரணத்துக்காகத் தாலிக்கு அவசரப்பட்டிருக்க மாட்டாள்.

முதலில் தொண்டையில் ஒரு கீறல் வந்தது. பிறகு நெஞ்சுக்குள் அந்தப் பழைய விசில் சத்தம் தொடங்கியது. எனக்கு மட்டும் கேட்கும் சத்தம் அது. இருமினால் கதை முடிந்தது. ஒரு முறை தொடங்கினால் நிறுத்த முடியாத இருமல் அது, சபையே பார்க்கும். இந்தப் பெண்ணுக்கு ஏதோ நோய் வருத்தம் இருக்கிறது, மறைத்துக் கட்டிக்கொடுக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால் போதும். தாலி இன்னும் தட்டில்தான் இருக்கிறது. அம்மா பின்னால் நின்றார். நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண் நிறைய பயம், ஆனாலும் தலையை லேசாக ஆட்டி, பொறுத்துக்கொள் என்று ஜாடை காட்டினார். அக்குளில் பை இருந்தது. கை எட்டும் தூரத்தில் மருந்து இருந்தும் எனக்கு மூச்சு இல்லை.

பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு ஐயர் பக்கம் குனிந்தார்.

"ஐயா, புகைய கொஞ்சம் கொறைக்க முடியுமா?"

"ஓமப் புகை ஒடம்புக்கு நல்லது தம்பி. கண்ணு கரிச்சா பரவால்ல," என்று இன்னொரு கரண்டி நெய் ஊற்றினார் ஐயர்.

தோள்கள் தானாக ஏறி இறங்க ஆரம்பித்தன. மாலை கனத்தது. விரல் நுனி குளிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் விழுந்துவிடுவேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"இது என்னா கல்யாண மண்டபமா, பாண் சுடுற போரணையா?"

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த அன்று நாலு வார்த்தை பேசாதவர், பட்டுச் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு மணவறைக்கே வந்துவிட்டார். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"மனுஷன் மூச்சு விட வேணாமா? என் கண்ணு எரியுது, நெஞ்சு எரியுது. யாரு இந்த ஜன்னலெல்லாம் சாத்தினது?"

அப்பா ஓடி வந்தார். வெளியே காற்று சரியில்லை, அதனால்தான் மூடச் சொன்னேன் என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"உள்ள மட்டும் சரியா இருக்கா? எல்லாத்தையும் தொறங்க. ஐயர், அந்தப் பச்ச வெறக எடுத்து வெளிய போடுங்க. காத்து வந்து இந்தப் புகை போகட்டும். அதுக்கப்புறம்தான் என் மகன் தாலி கட்டுவான்."

கடைசி வாக்கியத்தில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ரத்தம் சுண்டிப்போனது. மாப்பிள்ளையைப் பெற்றவள் மணவறைக்கு முன்னால் நின்று அப்படிச் சொன்னால் அதற்கு மேல் யாரும் வாய் திறக்க முடியாது. வேறு யார் சொல்லியிருந்தாலும் ஐயர் நாலு சாஸ்திரம் சொல்லியிருப்பார். அவரே முணுமுணுத்துக்கொண்டு விறகை இழுத்துத் தட்டில் போட்டார். என் அப்பா, அந்த வேட்டி சட்டையோடு, கதிரை மேல் ஏறி ஒவ்வொரு ஜன்னலாகக் கொக்கியைத் தட்டித் திறந்தார். அதைப் பார்த்து என் கண்ணில் தண்ணீர் வந்தது. புகையில் வந்ததாகத்தான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். என் அப்பாவை இப்படிச் சபையில் ஆட்டிவைக்கிற இந்தப் பொம்பிளையோடு நான் எப்படிக் காலம் தள்ளப் போகிறேன் என்று மனதுக்குள் பொங்கியது. வாய்விட்டுத் திட்ட மூச்சுத்தான் இல்லை.

ஜன்னல்கள் திறந்ததும் குளிர்காற்று உள்ளே வந்தது. சுத்தமான காற்று என்று சொல்ல மாட்டேன், கண்டியின் தை மாதத்துக் காற்றுத்தான். ஆனாலும் அது அசைகிற காற்று. புகை மெல்லக் கலைந்தது. இருமல் தொண்டைக்குள் வந்தபடியே நின்றுகொண்டது. விசில் சத்தம் மட்டும் போகவில்லை.

கூறைச்சேலைத் தட்டைச் சபையில் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோய் வந்து என் கையில் கொடுத்தார்கள். உடுத்திக்கொண்டு வர வேண்டும். வழக்கமாக மாப்பிள்ளையின் அக்கா தங்கைதான் பெண்ணோடு அறைக்குள் போவார்கள். ஆனால் மாமியாரே வந்தார். என் முழங்கையைப் பிடித்தார். அறை வாசலில் என் அம்மாவும் சித்தியும் கூட வர, அவர்களைப் பார்த்து, "நான் உடுத்தி விடுறேன். நீங்க வெளிய இருங்க," என்றார். பெற்ற தாயை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். சித்தி வெளியில் ஏதோ சொல்வது கேட்டது. நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அவர் என் முன்னால் வந்து நின்று, அன்று போலவே முகத்தைப் பார்க்காமல் கழுத்துக் குழியைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இழுப்புக்காரர்களுக்கு மூச்சு முட்டும்போது அந்தக் குழி உள்ளே போய் வரும். பெண் பார்க்க வந்த அன்று அவர் சங்கிலியைப் பார்க்கவில்லை.

எல்லாம் தெரிந்துவிட்டது, தாலி இன்னும் ஏறவில்லை, இனி வெளியே போய்ச் சொல்லப்போகிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. அம்மாவின் முகம் மட்டுமே கண்முன் வந்தது.

அவர் தன் கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு இன்ஹேலரை எடுத்தார். நீல நிறம், புத்தம் புதியது, பெட்டிகூடப் பிரிக்கவில்லை. பெட்டியைக் கிழித்து, நன்றாகக் குலுக்கி, மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"எடு. மெதுவா இழு. அவசரம் இல்ல, நீ வர்ற வரைக்கும் அவனுங்க காத்துக்கிட்டுதான் இருக்கணும்."

நான் இழுத்தேன். மறுபடியும் இழுத்தேன். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. பேச்சு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "அவரு சொன்னாரா?" என்பதுதான்.

"யாரு, என் மகனா? அவனுக்கும் தெரியுமா?" என்று ஒரு கணம் ஆச்சரியப்பட்டார். "யாரும் சொல்லல. நீ தேத்தண்ணி கொண்டு வந்தப்பவே பாத்தேன். அந்தப் படியில ஏறி எறங்கிட்டு வந்திருந்தே போல. நிச்சயத்தன்னைக்கும் பாத்தேன். அதுலேருந்து இத பையில வச்சிருக்கேன்."

பிறகு கூறைச்சேலையை உதறி, மடிப்புப் பிடித்துக்கொண்டே, யாரிடமோ கணக்குச் சொல்வதுபோல, ஏற்றத்தாழ்வு இல்லாத குரலில் சொன்னார். அவருக்கு ஒரு தங்கை இருந்தாராம். இதே இழுப்பு. சொல்லாமல்தான் நுவரெலியாப் பக்கம் கட்டிக்கொடுத்தார்களாம். அந்தக் குளிரில், புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் மருந்தை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு, குசினிக்குப் பின்னால் போய் எடுத்துக்கொள்வாராம்.

"ஒளிச்சு ஒளிச்சே போயிட்டா," என்றார். அடுத்த மடிப்பைப் பிடித்துச் செருகினார்.

நான் அழுதேன். கண்மை கலைகிறது என்று தன் சேலைத் தலைப்பாலேயே துடைத்துவிட்டார்.

"நம்ம வீட்டுல நீ இத ஒளிக்க வேணாம். சாப்பாட்டு மேசையில வை. ஆனா எனக்குத் தெரியும்னு ஒங்கம்மாகிட்ட சொல்லாத. மறைச்சது எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னா, என் மொகத்த பாக்கவே கூச்சப்படுவாங்க. அவங்க பயந்துதான மறைச்சாங்க."

"சொல்ல மாட்டேன். ஆனா வெளிய எல்லாரும் ஒங்களத்தான் திட்டுவாங்க," என்றேன்.

"திட்டட்டும். மாப்பிள்ளயோட அம்மா இல்லையா, எதாவது ஒண்ணுக்காவது சண்ட போடணும்ல," என்றார். முதன்முதலாக அவர் சிரித்துப் பார்த்தேன்.

நாங்கள் வெளியே வந்தோம். புகை போயிருந்தது. நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு தாலி வாங்கிக்கொண்டேன். இடப்பக்கம் மாறி உட்கார்ந்தபோது அம்மாவைத் தேடினேன். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவருக்கு அன்று சந்தோஷமா, பயமா, அவமானமா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

அந்த ஒரு காலையோடு 'தங்கமான சம்பந்தி' என்ற பேர் போய்விட்டது. எங்கள் சொந்தத்தில் என் மாமியாருக்கு 'ஓமத்தை அணைச்சவ' என்று பேர் விழுந்தது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், ஓமம் வளர்க்கும்போது சித்தி பக்கத்தில் இருப்பவரிடம் அந்தக் கதையைத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் வளரும். கடைசியாகக் கேட்டபோது, மாமியார் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து ஓம குண்டத்தில் ஊற்றியேவிட்டார். எனக்கு நாக்கு நுனிவரை வரும். வாக்குக் கொடுத்திருந்ததால் விழுங்கிக்கொள்வேன்.

கட்டுகஸ்தோட்டை வீட்டில் என் இன்ஹேலர் சாப்பாட்டு மேசையில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. காலையில் மாமியார் முன் கதவைத் திறந்து, ஆற்றுப் பாலத்துப் பக்கம் பார்ப்பார். பாலம் தெளிவாகத் தெரிந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். மங்கலாக இருந்தால், "இன்னைக்கு பஸ்ஸுல ஜன்னல் பக்கம் ஒக்காராத," என்பார். அவர் கால நிலை அறிக்கை அவ்வளவுதான். நான் வேலைக்குப் போகிறவரை முன்வீட்டில் குப்பைக்குத் தீ வைக்கக் கூடாது என்று அவர்களோடும் ஒரு சண்டை போட்டு வைத்திருந்தார். அங்கேயும் அவருக்கு நல்ல பேர் இல்லை.

இதில் வேடிக்கை, எங்கள் அம்மா என்னைப் பார்க்க வருகிற நாட்கள்தான். அம்மா வாசல் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும் என் மாமியார் சட்டென்று மேசையிலிருந்து இன்ஹேலரை எடுத்து, லாச்சியை இழுத்து உள்ளே போட்டு மூடிவிடுவார். அம்மா வந்து உட்கார்ந்து, மாமியார் தேத்தண்ணீர் ஊற்றக் குசினிக்குள் போனதும், என் காதருகே குனிந்து, "பம்ப பத்திரமா ஒளிச்சு வச்சிருக்கியா?" என்று கேட்பார். ஆமாம் என்பேன். அது பொய்யும் இல்லை. இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் மறைத்துக்கொண்டு, ஒரே மேசையில் உட்கார்ந்து மாரி பிஸ்கட்டைத் தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். நடுவில் நான் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பேன். இப்போது நினைத்தால், என் வாழ்க்கையின் மிக நல்ல சாயங்காலங்கள் அவைதான். அப்போது அது தெரியவில்லை.

என் மாமியார் போன வருடம் இறந்துவிட்டார். கொஞ்ச நாள் சுகமில்லாமல் இருந்து, ஒரு மழைக்காலத்துப் பகலில் அமைதியாகப் போனார்.

செத்த வீட்டுக்கு எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவில், சித்தி மெல்லிய குரலில் யாரிடமோ சொல்வது என் காதில் விழுந்தது. "நல்ல மனுஷிதான். ஆனா அன்னைக்கு மணவறையில வச்சு எங்க அத்தானை என்னா பாடு படுத்துனா தெரியுமா?" என்று தொடங்கினார். அவர் கெட்டவர் இல்லை, கதை அவர் வாயில் பழகிப்போயிருந்தது. ஆனால் என் மாமியார் உள்ளே படுத்திருந்தார். பதில் சொல்ல அவரால் முடியாது. உயிரோடு இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

நான் கொடுத்த வாக்கு அந்த இடத்தில் முடிந்தது. போய்ச் சித்தியின் முன்னால் முற்றத்துத் தரையிலேயே உட்கார்ந்தேன். பக்கத்துக் கதிரையில் அம்மா இருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, அறைக்குள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். புது இன்ஹேலர், பிரிக்காத பெட்டி, அவர் தங்கை, மேசை, லாச்சி, எல்லாம். சித்தி வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் இத்தன வருஷமா அவங்க வீட்டுலயே வந்து ஒளிச்சு ஒளிச்சுக் கேட்டதெல்லாம்..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் சிரித்துவிட்டார். செத்த வீட்டில் சிரிக்கிறோமே என்று வாயைப் பொத்தினார். பொத்திய கைக்குள்ளேயே அந்தச் சிரிப்பு அழுகையாக மாறிவிட்டது. எழுந்து உள்ளே போனார். நான் பின்னால் போனேன். என் மாமியாரின் தலைமாட்டில் நின்று, அவர் நெற்றியில் கை வைத்து, "சம்பந்தி, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றார் அம்மா. சண்டை போடுவதுபோல, உரிமையோடு சொன்னார்.

இப்போது மறுபடியும் தை வந்திருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் பாலம் பாதிதான் தெரிகிறது. எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல் பஸ் ஏறுகிறேன். மனிதர்களைப் பற்றி அவசரப்பட்டு முடிவு சொல்கிற பழக்கம் எனக்கு நிறையவே இருந்தது, இன்றும் முழுதாகப் போய்விட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் யாராவது எழுந்து நின்று சத்தம் போட்டால், அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தக் கூட்டத்தில் யாருக்கு மூச்சு முட்டுகிறது என்றுதான் இப்போது என் கண் முதலில் தேடுகிறது.